அணைக்குக் கீழே ஒரு புதுச் சாரம்

நான் ஓய்வு பெற்ற அன்று, ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் நகரில் உள்ள எங்கள் அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாடு ஒன்று வைத்தார்கள். ரோல்ஸ், கேக், கடதாசித் தட்டு. எனக்கு மேலே இருந்த இளம் மனேஜர் தயாளன் எழுந்து சின்னதாக ஒரு பேச்சுப் பேசினான்.

"இப்ப நாங்கள் சட்டலைட்டில பார்க்கிற அணையளை அங்கிள் அந்த நாளையிலை நேர போய்ப் பார்த்தவர். போகாத காடில்லை, ஏறாத மலையில்லை. அங்கிளுக்குப் பயமெண்டால் என்னெண்டே தெரியாது."

என் மனைவி வசந்தி சிரித்த சிரிப்பில் ரோல்ஸ் புரையேறி, இரண்டு பேர் அவளுடைய முதுகில் தட்ட வேண்டியதாகிவிட்டது.

வசந்தியைக் குறை சொல்ல முடியாது. நான் லிஃப்டுக்குப் பயம். நாய்க்குப் பயம். பல்லு டொக்டருக்குப் பயம். நானூற்றியோராம் நெடுஞ்சாலையில் கார் ஓட்டப் பயம் என்பதால் அன்றைக்கும் வசந்திதான் ஓட்டினாள். அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது சொன்னாள்: "உந்தப் பொடியன் சொன்னதைச் சனம் நம்பீடும். நீங்கள் அந்தத் தீவுக் கதையை உள்ளபடி எழுதி வையுங்கோ."

அதுதான் எழுதுகிறேன். தயாளன் தம்பி மன்னிக்கவேண்டும். எனக்குச் சம்பளம் தந்ததே பயப்படுவதற்காகத்தான்.

பயிற்சிக் காலம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அகதியாக வந்து ரொறன்ரோவில் ஒரு உணவகத்தில் சட்டி கழுவினேன். பிறகு மண் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் சல்லடை கழுவினேன். அதை நான் பதவி உயர்வு என்று ஊருக்குக் கடிதம் எழுதினேன். பின்னேர வகுப்புகளில் படித்து டெக்னீசியன் ஆனேன். சுரங்கங்களில் கழிவு மண்ணையும் தண்ணீரையும் மறித்துக் கட்டும் மண் அணைகளைப் பார்வையிடும் பிரிவுக்கு என்னை மாற்றினார்கள். அங்கேதான் ஜினெட்டுக்குக் கீழே போய்ச் சேர்ந்தேன்.

ஜினெட் ஒன்ராறியோவின் வடக்கே ஒரு சுரங்க ஊரில் பிறந்த பிரெஞ்சுக்காரி. கட்டையாக வெட்டிய நரைத்த தலை, முழங்காலில் ஒட்டுப் போட்ட காற்சட்டை, எப்போதும் கையில் ஒரு தேத்தண்ணிப் போத்தல். அந்தத் தேத்தண்ணியை ஒருவருக்கும் ஒரு மிடறு கொடுத்தது கிடையாது. அவள் என்னோடு பேசியது இங்கிலீஷ்தான். ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகு என் நினைவில் அவள் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறாள். அப்படியே எழுதிவிடுகிறேன்.

"அணை பத்திரமோ?" என்று யார் கேட்டாலும் அவள் ஓம் சொல்லமாட்டாள், இல்லையென்றும் சொல்லமாட்டாள். "தண்ணியைக் கேட்டுச் சொல்லுறன்" என்பாள்.

கேட்கும் முறை இதுதான். அணையின் உச்சிக்கு முதலில் போகக் கூடாது. உச்சியில் புல்லு வெட்டி, கல்லுப் பரப்பி, வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்றே வைத்திருப்பார்கள். முதலில் அடிவாரத்துக்குப் போகவேண்டும். எந்த மண் அணையும் அடியில் கொஞ்சம் கசியும், அது குற்றமில்லை. கசிகிற தண்ணீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து வாகனத்தின் பொனெற்றில் வைக்கவேண்டும். ஜினெட் தன் தேத்தண்ணியை ஊற்றி ஆறுதலாகக் குடிப்பாள். அவள் குடித்து முடிக்கும்போது போத்தலில் தண்ணீர் தெளிவாக இருந்தால் அணை சும்மா வியர்க்கிறது. கலங்கியபடியே இருந்தால், அணை தன் வயிற்றில் இருக்கிற மண்ணையே கரைத்து வெளியே விடுகிறது. உள்ளே ஒரு பொந்து வளர்கிறது என்று அர்த்தம்.

"பயப்பிடுற ஆள்தான் எனக்கு வேணும்," என்று முதல் நாளே சொன்னாள். "துணிஞ்சவன் போத்தலைப் பார்க்கமாட்டான்."

என் வாழ்நாளில் என் பயத்துக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது.

தொண்ணூறுகளின் கடைசிப் பக்கம், ரொறன்ரோவில் ஒரு கொம்பனி பசிபிக்கில் நியூ கலிடோனியா என்ற தீவில் பழைய நிக்கல் சுரங்கம் ஒன்றை வாங்க யோசித்தது. வாங்க முதல் அதன் அணைகளைப் பார்த்து வரும்படி எங்களை அனுப்பினார்கள். அது பிரெஞ்சு ஆட்சியில் இருக்கும் தீவு. ஜினெட்டுக்குப் பிரெஞ்சு தெரியும். எனக்குப் போத்தல் கழுவத் தெரியும்.

வசந்தி பெட்டி அடுக்கினாள். நான் இரவில் லுங்கியாகக் கட்டும் பழைய சாரம் ஒன்று. அஜின்கோர்ட் கடையில் வாங்கிய புதுச் சாரம் ஒன்று, லேபல் கூடக் கழற்றவில்லை.

"குழாய்த் தண்ணி குடியாதேங்கோ. மலையிலை ஏறாதேங்கோ."

"மலையைப் பார்க்கத்தானே அனுப்புறாங்கள்."

"கீழை நிண்டு பாருங்கோ!"

அவள் சொன்னபடியே நடந்தது என்பதுதான் இந்தக் கதையின் கொடுமை.

தீவைச் சுற்றி ஓடுவதற்கு ஒரு ஜீப்பும் ஆன்றி என்ற சாரதியும் கிடைத்தார்கள். ஆன்றி அந்தத் தீவின் பூர்வீக மக்களான கனாக் இனத்தவன். ஆனால் வேறொரு பள்ளத்தாக்கைச் சேர்ந்தவன். பெரிய உடம்பு, சின்னக் குரல், கேட்டால் மட்டும் பதில், என்னோடு என்றால் அரைகுறை இங்கிலீஷில். மேற்குக் கரையால் ஏறினோம். ஒரு பக்கம் கடல், எங்கள் ஊர்க் கடலைவிட நீலம். மறுபக்கம் மலைகள். மலையென்றால் பச்சை மலை இல்லை, தோலுரித்த சிவப்பு. உச்சியில் இருந்து படி படியாக வெட்டி, வெட்டின மண்ணைச் சரிவில் தள்ளிவிட்டிருந்தார்கள். மழை பெய்த ஆறுகள் செங்கல் அரைத்த தண்ணீர் மாதிரி ஓடின. ஒவ்வொரு வளைவிலும் மலையில் இருந்து லொறி இறங்கி வர, நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

"நீர் கண்ணை மூடினால் லொறி நிக்குமோ?" என்று ஜினெட் கேட்டாள்.

"இல்லை. ஆனால் நான் பார்க்கமாட்டன்."

இடையில் சின்னச் சின்ன ஊர்கள். கூம்புக் கூரை வீடுகள், கிழங்குத் தோட்டங்கள், றோட்டோரத்தில் ஆளில்லாமல் வாழைப்பழம் அடுக்கிய தட்டிகள். முதல் பார்த்த அணைகளில் எல்லாம் போத்தல் தெளிந்தது. எனக்கும் சாப்பாடு இறங்கத் தொடங்கியது.

கிழக்குக் கரைக்குத் திரும்பியதும் மாறியது. அங்கே இருந்ததுதான் பெரிய அணை. சுரங்க முகாமையாளர் தானே வந்து, சுரங்கத்தின் சொந்தப் பாதையால் எங்களை நேரே உச்சிக்குக் கூட்டிப்போனார். அணைக்குப் பின்னால் சிவப்புக் குளம் ஒன்று தளும்பிக்கொண்டு நின்றது. ஜினெட் குளத்தைப் பார்க்கவில்லை. விளிம்புக்குப் போய்க் கீழே பார்த்தாள். பள்ளத்தாக்கின் அடியில் ஒரு ஊர், புகை தெரிந்தது.

"அடிவாரத்துக்கு எப்பிடிப் போறது?"

"அந்த ஊருக்குள்ளாலைதான் போகவேணும். தேவையில்லை மடம், கீழை எல்லாம் வடிவா இருக்கு," என்றார் முகாமையாளர்.

ஜினெட்டிடம் தேவையில்லை என்று சொன்னவர்கள் பிறகு அதற்காக வருந்தியிருக்கிறார்கள். அடுத்த நாள் காலை கீழ்ப்பாதையால் வெளிக்கிட்டோம். ரேடியோவில் தாழமுக்கம் வருகிறது, கடும் மழை பெய்யும் என்று சொன்னார்களாம். ஜினெட் மொழிபெயர்த்தாள். மொழிபெயர்க்காமல் விட்டிருக்கலாம்.

ஊர் எல்லையில் றோட்டுக்குக் குறுக்கே ஒரு மரம் கிடந்தது. மரத்துக்குப் பின்னால் ஆண்கள், கைகளில் நீளக் கத்திகள். தோட்ட வேலைக்கு அங்கே எல்லாரும் வைத்திருக்கிற கத்திதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பிறகு தெரிந்துகொண்டு என்ன பிரயோசனம்?

நான் செய்ததை யுத்த நாளில் யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்குப் போய் வந்த எவரும் விளங்கிக்கொள்வார்கள். தடையைக் கண்டதும் என் கால் தானாக இறங்கியது. சோதனைச் சாவடியில் வாகனத்துக்குள் இருக்கக் கூடாது. முன்கூட்டியே இறங்கவேண்டும், அடையாள அட்டை கையில் தெரியவேண்டும், மெல்ல நடக்கவேண்டும். நான் கனேடியப் பாஸ்போர்ட்டைப் படம் தெரியத் திறந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, தனியாக அந்தக் கத்திகளை நோக்கி நடந்தேன்.

அவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். உலகத்தில் என்னைக் கண்டு பயந்த ஒரே கூட்டம் அதுதான்.

நடுவில் நின்ற நரைத்த தாடிக்காரர் ஊர்த் தலைவர். பாஸ்போர்ட்டை வாங்கிப் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் பெயரை எழுத்தெழுத்தாக வாய்க்குள் வாசித்தார். அது முடிய நேரம் எடுத்தது. சிவபாதசுந்தரம் என்றால் சும்மாவா? பிறகு அது ஒவ்வொரு கையாகப் போனது. ஒருவன் படத்தைப் பார்த்துச் சிரித்தான்.

ஜினெட் இறங்கி வந்து பிரெஞ்சில் பேசினாள். தலைவர் கேட்டுவிட்டு ஒரே ஒரு வசனம் சொன்னார். ஜினெட்டின் முகம் சுருங்கியது.

"நேற்று உங்கடை வாகனம் எங்கடை தலைக்கு மேலாலை போனது. இண்டைக்கு வயித்துக்குள்ளாலை போகப் பார்க்கிறியள். நீங்கள் ஆரெண்டு இன்னும் சொல்லேல்லை எண்டுறார்."

"சொன்னனீங்கள்தானே?"

"வாயாலை சொன்னது கணக்கில்லையாம்."

ஆன்றி அப்போதுதான் வாய் திறந்தான். இங்கே ஒரு ஊருக்குள் கால் வைக்கிறவன் முதலில் ஒரு துணியை விரித்து வைக்கவேண்டும், மேலே புகையிலை வைத்து, தான் யார், ஏன் வந்தேன் என்று சொல்லவேண்டும். அவர்கள் துணியை எடுத்தால்தான் பேச்சுத் தொடங்கும்.

"உதை ஏன் நேற்றுச் சொல்லேல்லை?" என்றாள் ஜினெட்.

"நீங்கள் கேக்கேல்லை," என்றான் ஆன்றி.

ஜினெட் என்னைப் பார்த்தாள். "கொம்பனிச் சட்டம் தெரியும்தானே? ஒருத்தருக்கும் ஒண்டும் குடுக்கேலாது. லஞ்சமாப் போயிடும்."

"இது லஞ்சமில்லை. ஒரு வீட்டுக்குப் போகேக்கை வெறுங்கையோடை போறதே?"

அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் மலைக்கு மேலே மேகம் கறுத்ததை அவளும் பார்த்தாள். "நான் திரும்பி நிக்கிறன்," என்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

என்னிடம் இருந்த ஒரே புதுத்துணி வசந்தி வாங்கித் தந்த சாரம். அதை எடுத்து நாலாக மடித்தேன். ஆன்றி தன் சட்டைப்பையில் இருந்த புகையிலையை மேலே வைத்தான். இரண்டு கையாலும் கொண்டுபோய்த் தலைவரின் காலடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். எந்தப் பாஷையில் சொல்வது?

"உம்மடை பாஷையிலை சொல்லும். பிறகு எனக்கு இங்கிலீஷிலை சொல்லும், நான் அவைக்குச் சொல்லுறன்," என்றான் ஆன்றி.

நான் தமிழில் சொன்னேன். "ஐயா, கேக்காமல் வந்தது பிழை. எங்கடை ஊரிலையும் கேக்காமல் வாறவையை எங்களுக்குப் பிடிக்காது. மேலை நிக்கிற அணையை நேற்றுப் பார்த்தனாங்கள். அடியைப் பார்க்காமல் ஒண்டும் சொல்லேலாது. உங்கடை தண்ணியை ஒருக்காப் பார்க்க விடுங்கோ. எனக்குச் சரியான பயமாக் கிடக்கு."

அதையே இங்கிலீஷில் கேட்டு ஆன்றி அவர்களுக்குச் சொன்னான். தலைவர் சாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குனிந்து எடுத்தார். மரத்தை இழுத்துத் தள்ளினார்கள்.

அணையின் அடியில், பாறைக்குக் கீழே, பெண்கள் உடுப்புத் தோய்க்கும் ஊற்று ஒன்று இருந்தது. பூப்போட்ட நீளச் சட்டை போட்ட ஒரு பருத்த பெண் அங்கே நின்றாள். ஜினெட் கேட்க முதலே கையை நீட்டி ஏதோ சொன்னாள். கொஞ்சக் காலமாக வெள்ளை உடுப்பு எல்லாம் சிவப்பாகிறதாம். சுரங்கத்துக்குச் சொன்னதற்கு வேறு சவர்க்காரம் போட்டுப் பார்க்கச் சொன்னார்களாம்.

நான் போத்தலைக் கழுவி, தண்ணீரைப் பிடித்து, பொனெற்றில் வைத்தேன். ஜினெட் தேத்தண்ணியை ஊற்றினாள். மழை துளிக்கத் தொடங்கியது. அவள் குடித்தாள். போத்தல் சிவப்பாகவே இருந்தது. இன்னும் ஒரு மிடறு. சிவப்பு. அவள் விரலை விட்டு அடியில் இருந்ததைத் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தாள். என் விரலிலும் தேய்த்தாள். நெறுநெறுத்தது.

பாதித் தேத்தண்ணியை நிலத்தில் ஊற்றினாள். அவள் தேத்தண்ணியை வீணாக்கி நான் கண்டதே இல்லை.

"ஆக்கள் எல்லாரும் மேலை போகவேணும். இப்பவே. நான் போய்க் குளத்தை மற்றப் பக்கத்தாலை திறந்து வடிக்கச் சொல்லப்போறன்."

தலைவர் கேட்டுவிட்டுத் தலையாட்டவில்லை. பயமுறுத்திவிட்டு வாகனம் ஏறிப் போன ஆட்களை அவர் நிறையக் கண்டிருக்கிறார். அவர்கள் போன பிறகு நிலத்தைச் சுரங்கம் கேட்கும். கடைசியில் என்னைக் காட்டினார்.

"துணி வைச்ச ஆள் இஞ்சை நிக்கட்டும். அவர் நிண்டால் நாங்கள் அவரோடை ஏறுறம். அவரும் போனால் நாங்கள் போகேல்லை," என்று அவர் சொன்னதை ஜினெட் எனக்குச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏலாதெண்டால் சொல்லும். நான் நிக்கிறன். நீர் மேலை போய் முகாமையாளரோடை கதையும்."

என் பிரெஞ்சு "மெர்சி"யோடு முடிகிறது. நான் போனால் முகாமையாளர் எனக்கும் சவர்க்காரம்தான் தருவார். என் வாய் "ஓம்" என்றது. உடம்பின் மற்றப் பாகம் ஒன்றும் சம்மதிக்கவில்லை.

"தண்ணி கூடினால் ஆக்களைக் கெதியா ஏத்தும்," என்றாள். "நிறம் கறுத்தாலும் கெதியாக்கும்."

"குறைஞ்சால்?"

"குறைஞ்சால் உள்ளுக்கை பொந்து இடிஞ்சு அடைச்சிட்டுது. ஒண்டையும் எடுக்காதேயும். ஓடும்."

ஆன்றியை என்னோடு விட்டுவிட்டு, அவளே ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனாள். நான் அணைக்குக் கீழே நின்றேன். கீழே நின்று பாருங்கோ என்று சொன்ன வசந்தியை அப்போது நினைத்தேன்.

ஊரை ஏற்றத் தொடங்கினோம். ஒரு மேட்டில் தேவாலயம் இருந்தது. நான் ஆன்றியிடம், வீட்டைப் பூட்டச் சொல்லு, நகையையும் காணி உறுதிப் பத்திரத்தையும் மட்டும் எடுக்கச் சொல்லு என்றேன். எங்கள் சனம் ஓடும்போது அதைத்தானே எடுத்தது. ஆன்றி சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். கதவுக்குப் பூட்டே இல்லை. அவர்கள் எடுத்தது பாயும் கிழங்கும். மழைக்குள், வரிசையாக, தலையில் சுமையோடு ஒரு தேவாலயத்துக்கு ஏறுகிற ஆட்களை நான் முன்பும் பார்த்திருக்கிறேன், அந்த வரிசையில் நடந்துமிருக்கிறேன். ஆனால் அப்போது எனக்குப் பின்னால் வருகிறவர்கள் என் சொல்லை நம்பி வரவில்லை. இது அதைவிடப் பயமாக இருந்தது. அணை நின்றுவிட்டால் நான் பொய்யன். உடைந்துவிட்டால் நானே இல்லை.

ஏற்றுவதும் இறங்கி ஊற்றைப் பார்ப்பதுமாக இருந்தேன். தண்ணீர் கூடியது. கறுத்தது. பின்னேரமாகியது. எல்லாரும் ஏறிவிட்டார்கள் என்று நினைத்த நேரம், அந்தப் பூச்சட்டைப் பெண் விதைக்கிழங்கு எடுக்கத் தோட்டத்துக்கு இறங்கினாள். தலைவர் அவளைக் கூப்பிட இறங்கினார். நான் ஊற்றடியில் நின்றேன். நான் பார்த்துக்கொண்டிருக்க, யாரோ குழாயைப் பூட்டுவது மாதிரி அந்தத் தண்ணீர் மெலிந்து, நூலாகி, நின்றது.

"ஓடுங்கோ!" என்று கத்தினேன். சுத்தத் தமிழ். ஒருவரும் மொழிபெயர்க்கக் காத்திருக்கவில்லை.

நான் திரும்பிப் போய் அவர்களைத் தூக்கி வந்தேன் என்று எழுத ஆசைதான். தயாளனுக்கும் பிடிக்கும். உண்மை என்னவென்றால் நான் எல்லாருக்கும் முன்னால் ஓடினேன். பாதி மேட்டில் என் சப்பாத்து சேற்றில் புதைந்தது. இழுத்தேன், வரவில்லை. அந்தப் பெண் கிழங்குக் கூடையோடு என்னைக் கடந்து போனாள். தலைவர் மூச்சு வாங்க வந்து, என் கமக்கட்டுக்குள் கையைக் கொடுத்து, சப்பாத்தை விட்டுவிட்டு என்னை மட்டும் பிடுங்கி எடுத்தார். ஒரு காலில் சப்பாத்தோடு மேலே போய் விழுந்தேன்.

பிறகு கேட்ட சத்தம் இடியில்லை. நூறு லொறி ஒன்றாகக் கல் கொட்டிய சத்தம். ஊற்று, தோட்டம், கீழ் வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் மேலால் சிவப்புச் சேறு மெல்லப் பரவியது. மெல்ல என்பதுதான் பயங்கரம். அவசரமே இல்லை அதற்கு.

தலைவர் தேவாலய வாசலில் நின்று ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒவ்வொருவராகக் குரல் கொடுத்தார்கள். கடைசியில் ஒரு பெயரைக் கூப்பிட்டார், பதில் இல்லை. திரும்பவும் கூப்பிட்டார். எல்லாரும் சுற்றிப் பார்த்தார்கள். ஒரு ஆள் குறைகிறதே என்று நானும் எட்டி எட்டிப் பார்த்தேன். ஆன்றி என் விலாவில் இடித்தான்.

"உம்மைத்தான் கூப்பிடுறார்."

பாஸ்போர்ட்டில் எழுத்தெழுத்தாக வாசித்த என் பெயர்.

"ஓம்," என்றேன். தலைவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்த நாள் காலை ஜினெட் மேட்டுப் பாதையால் நடந்து வந்து சேர்ந்தாள். முகாமையாளரோடு சண்டை பிடித்துக் குளத்தைத் திறந்துவிட்டிருந்தாள். இல்லாவிட்டால் அந்தக் குளம் முழுவதும் இறங்கித் தேவாலயத்தையும் தொட்டிருக்கும். அவள் சேற்றைப் பார்த்தாள், சனத்தைப் பார்த்தாள், என் வெறுங்காலைப் பார்த்தாள். தேத்தண்ணிப் போத்தலைத் திறந்து, மூடியில் ஊற்றி, என்னிடம் நீட்டினாள். சீனி போடாத, ஆறிப்போன, வாயில் வைக்க ஏலாத தேத்தண்ணி. முழுவதையும் குடித்தேன்.

உயிர் தப்பியது. தோட்டம் தப்பவில்லை. அந்தப் பெண் சேற்றின் கரையில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள். ரொறன்ரோக்காரர்கள் சுரங்கத்தை வாங்கவில்லை. பழைய சொந்தக்காரர் ஊருக்கு நட்டஈடு கொடுத்ததாகக் கேள்வி. அது போதுமானதாக இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அங்கே திரும்பவும் கிழங்கு முளைத்ததா என்றும் தெரியாது.

வெளிக்கிடும்போது தலைவர் புதுச் சாரத்தைக் கட்டிக்கொண்டு வந்தார். லேபல் இடுப்பில் அப்படியே இருந்தது. போகும்போதும் துணி வைக்கவேண்டும் என்று ஆன்றி இந்த முறை நான் கேட்காமலே சொன்னான். என்னிடம் மிச்சம் இருந்தது நான் கட்டிப் பழகிய பழைய சாரம். வெட்கத்தோடு மடித்து வைத்தேன். தலைவர் எடுத்து, தடவிப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

"இது நல்லா இளகி இருக்காம். இதைத்தான் முதல் குடுத்திருக்கவேணுமாம்," என்றாள் ஜினெட்.

ரொறன்ரோ விமான நிலையத்துக்கு வசந்தி வந்திருந்தாள். வெளியே பனி கொட்டியது. காரில் ஏறியதும் கேட்டாள்: "சப்பாத்து ஏன் புதுசு?"

நெடுஞ்சாலையில் அவள் ஓட்ட ஓட்ட எல்லாவற்றையும் சொன்னேன். இனி வேலைக்கு அனுப்பமாட்டாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அனுப்பாமல் விட்டால் நல்லது என்றும் நினைத்தேன். அஜின்கோர்ட்டில் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய சந்தியைக் கடந்து, கடைத்தெருவுக்குள் காரை விட்டாள்.

"எங்கை போறீர்?"

"இருங்கோ, வாறன்."

கண்ணாடியில் பனி மூடியது. கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்து ஒரு பையை என் மடியில் போட்டாள். பை பாரமாக இருந்தது. உள்ளே சாரங்கள், லேபலோடு, அடுக்காக.

"எனக்கேன் இவ்வளவு?"

"உங்களுக்கில்லை," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு காரை ஸ்டார்ட் பண்ணினாள். "அடுத்த முறை போற இடத்திலை குடுக்க ஒண்டு காணாது."

அடுத்த பயணத்துக்கு நான் பயந்து பயந்து பெட்டியைத் தூக்கியபோது, மேலாக இருந்தது சாரம்தான்.